மகளும் அவள் துணைவியும்: உச்ச நீதிமன்றம் மறுத்தது எதை?

கேள்வி: என் மகளுக்கு 31 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான்கு ஆண்டுகளாக இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து வாழ்கிறாள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகிவிட்டார். முதலில் வந்த அதிர்ச்சி அடங்கிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. என் அண்ணன், "சுப்ரீம் கோர்ட்டே கூடாதுன்னு சொல்லிட்டு. இயற்கைக்கும் விரோதம், நம்ம பண்பாட்டுக்கும் விரோதம். இதை விட்டா நாளைக்கு அண்ணன் தங்கச்சியும் வந்து நிப்பாங்க" என்கிறார். மகளோ, எதிர்ப்பவர்கள் எல்லாருக்கும் வெறுப்புதான் காரணம் என்கிறாள். இரண்டு தரப்பிலும் உண்மையில் என்ன வாதம்? எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் என்ன பிடிமானம்? — தென்காசி மாவட்ட வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வயதுவந்த இருவர் மனமொத்து வாழும் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே நீக்கிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்த உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவே கிடையாது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம், சேர்ந்து சொத்து வாங்கலாம். உறவினர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலும் அது குற்றமாகாது. அந்த மாலைக்குச் சட்டப்படியான விளைவு எதுவும் இல்லை, பதிவாளர் பதியவும் மாட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் அண்ணன் சொல்வது தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பை. ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். திருமணம் செய்துகொள்வதை அரசமைப்பு ஓர் அடிப்படை உரிமையாகத் தரவில்லை என்பதிலும், மதம் பாராமல் பதிவுத் திருமணம் செய்ய வழிதரும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே திருத்தி எழுத முடியாது என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டார்கள். திருமணம் அல்லாத வேறொரு சட்ட அங்கீகாரத்தை அரசு தந்தாக வேண்டுமா, இணையராகச் சேர்ந்து குழந்தை தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் தரலாம் என்றார்கள். நீதிபதிகள் பட், கோலி, நரசிம்மா ஆகிய பெரும்பான்மையினர் மறுத்தார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

ஆனால் இப்படி வாழ்வது தவறு என்று ஐவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சேர்ந்து வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு, வன்முறையிலிருந்தும் மிரட்டலிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்றே எழுதினார்கள். அங்கீகாரம் இல்லாததால் வருங்கால வைப்புநிதி, ஓய்வூதியம் போன்றவற்றில் இந்த இணையர்கள் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை அங்கீகாரத்தை மறுத்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பட் அவர்களே ஒப்புக்கொண்டார். "கோர்ட் கூடாதுன்னு சொல்லிட்டு" என்று இனி அண்ணன் சொன்னால், "அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னது" என்று நீங்கள் திருத்தலாம்.

அண்ணனின் மற்ற வாதங்களுக்கு வருவோம். இயற்கை, பிள்ளைப்பேறு என்ற வாதத்தை மத்திய அரசும் நீதிமன்றத்தில் வைத்தது: திருமணம் என்பது உடலால் ஆணான ஒருவரும் பெண்ணான ஒருவரும் இணைவது, வம்சம் தழைப்பதற்கானது. இந்த வாதம் நம் சட்டத்திலேயே நிற்கவில்லை. 60 வயதில் மணந்துகொள்ளும் இருவரைப் பதிவாளர் திருப்பி அனுப்புவதில்லை. கருப்பை அகற்றிய பெண்ணின் திருமணம் செல்லும். பிள்ளை இல்லை என்பது இந்துத் திருமணச் சட்டத்திலோ சிறப்புத் திருமணச் சட்டத்திலோ விவாகரத்துக்கான காரணமும் அல்ல. பிள்ளைகளின் நலன் கெடும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எதிர்த்தது. அதே வழக்கில் டெல்லியின் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆதரித்து வாதிட்டது. இந்திய மனநல மருத்துவச் சங்கமும் 2023 ஏப்ரலில் திருமணம், தத்து இரண்டிலும் சம உரிமையை ஆதரித்து அறிக்கை விட்டது. உங்கள் மகள் தனியாளாக விண்ணப்பித்தால் இன்றும் தத்தெடுக்கலாம். இணையராகச் சேர்ந்துதான் முடியாது. இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்வு வேண்டும் என்கிறது 2022-ஆம் ஆண்டின் தத்து விதி. விளைவு என்ன தெரியுமா? இருவர் சேர்ந்து வளர்க்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் ஒரு தாய்தான் இருப்பார். அந்தத் தாய் இறந்துபோனால், தினமும் பள்ளிக்கு அழைத்துப் போன மற்றவர் அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒருவர் ஆகிவிடுவார். பிள்ளையின் நலனைச் சொல்லி எதிர்ப்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

அண்ணன் தங்கை வாதமும் நீதிமன்றத்தில் வந்ததுதான். மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் எழுப்பினார், தலைமை நீதிபதி அதை மிகையான கற்பனை என்று ஒதுக்கினார். நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் கூடாது என்பது யாருக்கும் பொதுவான தனித் தடை. ஒரு பெண்ணும் பெண்ணும் மணப்பதால் அந்தத் தடை தளர்வதில்லை. 2001-இல் நெதர்லாந்து தொடங்கி, 2019-இல் தைவான், 2025 ஜனவரியில் தாய்லாந்து வரை இந்தத் திருமணத்தை ஏற்ற நாடுகளில் உடன்பிறந்தோர் தடை அப்படியே இருக்கிறது.

பண்பாட்டு வாதத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே பதில் உண்டு. ஐயரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் தீர்ப்பளித்தது. மேடையில் தலைவர்கள் முன்னிலையில், ஊரறிய நடந்த மணங்கள் சட்டத்தின் கண்ணில் மணமே ஆகவில்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. முன்பு நடந்த மணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது ஆக்கியது. எது திருமணம் என்பது நம் ஊரில், உங்கள் அண்ணனின் ஆயுளுக்குள்ளேயே மாறியிருக்கிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்து, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். சுப்ரியோ வழக்கிலும் ஆண்-பெண் என்ற அமைப்புக்குள் வரும் திருநர் திருமணங்கள் இப்போதுள்ள சட்டத்திலேயே செல்லும் என்று ஐவரும் ஏற்றார்கள்.

இவ்வளவும் உங்கள் மகளின் பக்கம். அவரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்ப்பவர்களில் வெறுப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கைத் தோற்கடித்த வாதங்களில் வெறுப்பைத் தேடினால் கிடைக்காது. அவை சட்டத்தின் உள்கட்டமைப்பைப் பற்றியவை, அவற்றைப் படிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 'எந்த இரு நபர்களும்' என்றுதான் தொடங்குகிறது. மனுதாரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கணவன், மனைவி என்று வருமிடங்களில் 'துணைவர்' என்று வாசித்தால் போதும் என்றார்கள். அதே பிரிவு சில வரி தள்ளி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது என்கிறது. மணக்கக் கூடாத உறவுகளின் அட்டவணை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. விவாகரத்துக்கு மனைவிக்கு மட்டும் கூடுதல் காரணங்கள் உண்டு. ஜீவனாம்சம் மனைவிக்குத்தான். இந்து இருவர் இந்தச் சட்டத்தில் மணந்தாலும் வாரிசுரிமைக்கு இந்து வாரிசுச் சட்டத்துக்கே போக வேண்டும், அங்கே ஆணின் சொத்துக்கு ஒரு வரிசை, பெண்ணின் சொத்துக்கு வேறு வரிசை. 160 சட்டப்பிரிவுகளைத் தொட வேண்டியிருக்கும் என்றது அரசுத் தரப்பு. ஒரு நூலை இழுத்தால் எத்தனை இடத்தில் அவிழும் என்பதுதான் நீதிபதிகளைத் தயங்க வைத்தது.

இதிலேயே மிகவும் வலுவானது நீதிபதி பட் சுட்டிய புள்ளி. மனைவிக்கென்று இருக்கும் சலுகைகள், சமத்துவம் இல்லாத வீட்டில் பெண்ணைக் காக்க எழுதப்பட்டவை. அவற்றைப் பொதுச் சொல்லால் நிரப்பினால், கணவன் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கும் வழி திறக்கலாம். காக்கப்பட்ட பெண்களே இழப்பார்கள். இது அக்கறையோடு சொல்லப்பட்ட எதிர்வாதம். இதற்கு என் பதில்: பழைய பிரிவுகளைத் தொடாமல் தன்பாலின இணையர்களுக்கென்று தனி அத்தியாயம் எழுதலாம். தைவான் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. அங்கே அரசமைப்பு நீதிமன்றம் 2017-இல் இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது, சட்டமன்றம் குடும்பச் சட்டத்தைத் திருத்தாமல் தனிச் சட்டம் இயற்றியது. நம் உச்ச நீதிமன்றமும் கெடு விதித்திருக்கலாம் என்பது என் கருத்து. 'நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும்' என்பது சட்டப்படி சரி. ஆனால் எண்ணிக்கையில் சிறிய, ஓட்டு வங்கியாகத் திரளாத ஒரு கூட்டத்துக்கு அந்தப் பதில் முடிவில்லாத காத்திருப்பு.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அது இந்த இயக்கத்துக்குள்ளிருந்தே வருகிறது. திருமணம் என்ற ஏற்பாடே சாதியையும் வரதட்சணையையும் ஆண் அதிகாரத்தையும் சுமப்பது, அதற்குள் நுழைய ஏன் போராட வேண்டும் என்று கேட்கும் பெண்ணியவாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது 'தேர்ந்தெடுத்த குடும்பம்': எனக்கு யார் கையெழுத்திட வேண்டும், யார் வாரிசு என்பதை நானே எழுதி வைக்கும் உரிமை. பெற்ற வீட்டாரின் அடியிலிருந்து தப்பி ஓடிவந்த பெண்களுக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு இந்தத் திசையில் பேசியது. பெற்றோர் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவர் விரும்பியபடி போக விட்டு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதியது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட இணையர்கள் தங்களைக் குடும்பமாக எழுதிவைக்கும் 'குடும்பப் பிணைப்பு ஆவணம்' பதிவு செய்ய வழி செய்வதைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்கச் சொன்னார். சட்டம் வரும் வரை அந்த ஆவணம் செய்யக்கூடிய வேலையைத் துண்டு துண்டாக நாமே செய்ய வேண்டும். கீழே அதற்கான வழி.

உயில். இதுதான் முதல் வேலை. உயில் இல்லாமல் உங்கள் மகளுக்கு ஏதாவது ஆனால், இந்து வாரிசுச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி அவர் சம்பாதித்தது உங்களுக்கு வரும். நீங்கள் இல்லையென்றால் தகப்பன் வழி வாரிசுகளுக்குப் போகும். துணைவிக்கு ஒரு பைசா கிடையாது. துணைவியின் சொத்தும் அப்படியே அவர் வீட்டாருக்குப் போகும். ஆகவே இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் நேரில் கையெழுத்திட வேண்டும், முடிந்தால் இளையவர்களாக, பின்னாளில் நீதிமன்றத்துக்கு வரக்கூடியவர்களாக இருக்கட்டும். இந்த உயில்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பயன்பெறுபவரே முன்னின்று எழுத வைத்தார் என்று குடும்பத்தார் சொல்வார்கள், நீதிமன்றம் அதைச் சந்தேகச் சூழ்நிலையாகப் பார்க்கும். உங்கள் மகளின் உயில் எழுதும் நாளில் துணைவி வழக்கறிஞர் அலுவலகத்திலோ பதிவு அலுவலகத்திலோ இருக்கக் கூடாது, சாட்சியாகவும் கூடாது. தாய்க்கு ஏன் முழுவதும் வைக்கவில்லை என்று ஒரு வரி உயிலிலேயே இருக்கட்டும்: "என் தாய்க்குத் தனி ஓய்வூதியம் உண்டு, என் முடிவை அறிவார்."

நியமனதாரர் (நாமினி). வங்கியில் இணைந்த கணக்கு தொடங்கவும் துணைவரை நியமனதாரராக்கவும் தடையில்லை என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம் என்று உணவுத் துறையும் சொன்னது. கிளை மேலாளர் மறுத்தால் அந்தத் தெளிவுரையைக் குறிப்பிட்டு எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர் மட்டுமே, வாரிசு அல்ல. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நியமனதாரரானால் பணம் அவர்களுக்கே சொந்தம். துணைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலிசி எண், கணக்கு எண் எல்லாம் உயிலிலும் வர வேண்டியது அதனால்தான்.

வருங்கால வைப்புநிதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சந்தாதாரருக்குக் 'குடும்பம்' இருந்தால் குடும்பத்துக்கு வெளியே செய்யும் நியமனம் செல்லாது. மணமாகாத பெண்ணுக்குக் குடும்பம் என்றால் அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர். உங்களுக்குச் சொந்த ஓய்வூதியம் இருப்பதால் நீங்கள் அவரைச் சார்ந்தவர் அல்ல, எனவே அவர் துணைவியை நியமிக்கலாம். இணையவழி நியமனப் படிவத்தில் 'குடும்பம் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தால்தான் வெளியாள் பெயரை ஏற்கும். துணைவியின் பெற்றோர் அவர் சம்பளத்தில் வாழ்பவர்களானால் அவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அந்தக் குறையைக் காப்பீட்டிலும் சேமிப்பிலும் ஈடுகட்டத் திட்டமிட வேண்டும். பணிக்கொடைக்கும் விதி இதைப் போன்றதே, படிவம் தனி.

மருத்துவமனை. பொது அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிவிட்டோம், போதும் என்று நினைப்பது ஆபத்து. எழுதியவர் நினைவிழந்து முடிவெடுக்கும் திறனை இழந்தால் அந்த அதிகாரமும் போய்விடும். தேவைப்படும் நேரத்தில் அது வெறும் தாள். மனநலச் சிகிச்சைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு நல்ல கருவி: வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வயதுவந்த யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். உயிர்காக்கும் கருவிகள் பற்றிய முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரத்தை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எளிமையாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதலாம். துணைவியின் பெயரோடு உங்கள் பெயரையும் அதில் சேருங்கள். சாதாரண அறுவைச் சிகிச்சைக்குக் கேட்கப்படும் உறவினர் கையெழுத்துக்கு, வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் கோப்பில் முன்பே ஒரு கடிதம் வைப்பது நல்லது. "நான் வந்துசேரும் வரை என் மகள் சார்பில் இவர் பேசுவார்" என்று தாயாகிய நீங்களும் அதில் கையெழுத்திட்டால், இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அதுவே பெரிய துணிவு.

வீடு. சேர்ந்து வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள். பணம் அவரவர் கணக்கிலிருந்து போகட்டும். ஒருவர் பெயரில் வாங்கிப் பிறகு பாதியை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று விட்டால், குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் தான செட்டில்மெண்ட்டுக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை கிடைக்காது. கணவன் மனைவிக்கு இல்லாத ஒரு வருமான வரியும் வரும்: உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்தால் அது வருமானம். வீட்டுக்கடனில் இணைக் கடனாளியாக உறவினரை மட்டுமே ஏற்கும் வங்கிகள் இருப்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கியிடம் பேசிவிடுங்கள்.

துணைவியின் வீட்டார் நிலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால், காவல் நிலையம் வயதுவந்த பெண்ணின் வாக்குமூலத்தைப் பெற்றுப் புகாரை முடிக்க வேண்டும், பிடித்துப் பெற்றோரிடம் ஒப்படைக்கக் கூடாது. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழிகாட்டுதலைத் தந்தது. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரை, அதாவது தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றோரைத் துன்புறுத்தும் காவலர்மீது துறை நடவடிக்கை உண்டு. பாலின ஈர்ப்பை 'மாற்றிவிடுகிறேன்' என்று சிகிச்சை தரும் மருத்துவர் தொழில்முறை ஒழுங்கீனம் செய்கிறார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. யாராவது உறவினர் அப்படி ஒருவரிடம் அழைத்துப் போகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இந்த வாரமே தொடங்குவதானால் வரிசை இது: இருவரின் உயில், மருத்துவமனைக் கடிதம், வைப்புநிதி நியமனம். மற்றவை இரண்டு மாதத்துக்குள் முடியட்டும். பத்திரங்களின் சான்றிட்ட நகல்களை ஓர் உறையில் போட்டு, ஒன்றைச் சென்னையில் அவர்களிடமும் ஒன்றைத் தென்காசியில் உங்களிடமும் வையுங்கள். உறையின் மேல் இருவரின் செல்பேசி எண்ணும் உங்கள் எண்ணும் இருக்கட்டும்.